இன்னும் ஒராளுக்கு எடமிருக்கு

காலை ஐந்து ஐம்பது. நகராட்சி வளாகத்தின் இரும்புக் கதவைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை தூக்குவாளிகள். வேப்பமரத்தடியில் நின்ற ஆம்புலன்ஸின் பின்படியில் வரிசையாக இருந்தன. வண்டிக்குள் பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் கோலம். ஸ்ட்ரெச்சரில் சிலர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆக்ஸிஜன் உருளை மாட்டும் வளையத்தில் ஒருத்தி குடையை மாட்டியிருந்தாள்.

அந்த நேரத்துக்கு நான் அங்கே போனதற்குக் காரணம் நகராட்சிக் காவலாளியின் தொலைபேசி அழைப்பு. "சார், ஆம்புலன்சு முழுக்க ஆளு. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றார். செய்தியாளனாக இருந்த காலத்தில் இதைவிடத் தெளிவான தகவல் எனக்கு வந்ததில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சிறிய நகராட்சி அது. கொரோனா காலத்தில் வந்த இரண்டு ஆம்புலன்ஸ் வேன்கள், ஆற்றில் வெள்ளம் வந்தால் மீட்புக்கு என்று வாங்கிய ஒரு ஜீப் ஆகிய மூன்றும் அதற்குத் தேவையில்லை என்று நகர்மன்றம் முடிவுசெய்திருந்தது. அன்று காலை பதினோரு மணிக்குப் பொது ஏலம். முந்தின நாள் மாலை மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக அறிவித்தது: "நாளை நகராட்சி வளாகத்தில் ஏலம். மூன்று வண்டி. விருப்பமுள்ளவர்கள் வரலாம்."

வேறு ஊரில் இதில் குழப்பத்துக்கு இடமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஏலம் என்றால் முதலில் மணக்கும். அப்புறம்தான் விலை கூவும். கேரளத்து மலைகளில் ஏலக்காய் பறிக்க ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்கு இங்கே ஏல வண்டி என்று பெயர். அது விடியும் முன்பே கிளம்பும்.

"கவர்மெண்டே மூணு வண்டி விட்டுருக்காகண்டு வந்தோம்" என்றாள் குடைக்காரி. "விருப்பமுள்ளவுக வரலாம்ண்டு எவ்வளவு மரியாதையாக் கூப்புட்டாக. எங்க ஜீப்பு மொதலாளி ஒருநா அப்படிக் கூப்புட்டதில்ல."

பின்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அந்தப் பெண்களின் வார்டு கவுன்சிலரம்மா நின்றிருந்தார். அவர் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தள்ளி உக்காருங்கத்தா. இன்னும் ஒராளுக்கு எடமிருக்கு."

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஊர் அவரை 'ஒராளு கவுன்சிலர்' என்றுதான் சொன்னது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

குட்டையான உருவம். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. இடது முழங்கை முழுதாக நீளாது. பல வருடம் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிப்போய், கை அந்த மடிப்பிலேயே நின்றுவிட்டது என்று ஊர் சொல்லும். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தது என்று அவர் சொல்வார். முழங்கைக்குக் கீழே தேள் பச்சை குத்தியிருந்தது. கூட்டத்தில் இடம் பிடிக்க அந்த மடங்கிய முழங்கைதான் அவருக்குக் கருவி. அது முதலில் நுழையும். பின்னாலேயே யாராவது ஒருவர் நுழைவார். பெரும்பாலும் அது அவராக இருக்காது.

சின்னமனூரில் ஒரு கல்யாணப் பந்தியில்தான் நான் முதலில் அவரைப் பார்த்தேன். எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் நடுவே இலையின் நுனிகூட விழ இடமில்லை. ஒரு தேள் வந்தது. "தம்பி, சித்த தள்ளுங்க." தள்ளினேன். ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். மறுபடி தேள் வந்தது. பெரியவரின் பேரன். ரசம் வரும்போது நான் ஒரு தோளை முன்னும் ஒரு தோளைப் பின்னுமாக வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரையும் உட்கார வைத்தவர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். அதற்குள் அப்பளம் தீர்ந்திருந்தது.

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் வரிசையில் நின்றால் கைப்பிள்ளைக்காரி, வயிற்றுப்பிள்ளைக்காரி, வெளியூர்க்காரர் என்று ஒவ்வொருவராக முன்னால் விட்டுவிடுவார். அவருடைய மருமகள் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எங்கத்தைகூடப் போனா சாமியப் பாக்க முடியாது சார். சாத்துன கதவைத்தான் பாக்கலாம்."

இந்தக் குணத்தில் விளையாட்டு மட்டும் இல்லை. கவுன்சிலராகும் முன்பு அவருக்கு வேலை, ஏல வண்டிகளுக்கு ஆள் சேர்த்து அனுப்புவது. விடியலில் தெருமுக்கில் நின்று, ஜீப் தாங்குமோ தாங்காதோ, இன்னும் ஒராள் என்று ஏற்றிக்கொண்டே இருப்பார். கம்பம்மெட்டு மலைப்பாதையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அது சிரிக்கும் விஷயமல்ல. அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் ஜீப்புகளைப் பற்றி எங்கள் பத்திரிகையில் நான் எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள், ஜீப்புகள் சில நாள் நின்றன. அதற்கு அடுத்த வாரம் அவர் என்னைத் தேனி பேருந்து நிலையத்தில் பிடித்தார்.

"நீங்க எழுதுனது சரிதான். ஆனா ஒண்ணு விட்டுட்டீக."

"என்னம்மா?"

"ஜீப்புக்காரன் ஏத்துறான் ஏத்துறான்னு எழுதிருக்கீக. எடமிருக்குண்டு சொன்னது நாந்தான. அதையும் போட்டுருக்கணும்."

"போட்டால் உங்களைத்தானே பிடிப்பார்கள்?"

"பிடிக்கட்டும். ஒராளு எறங்கி நடந்தா அண்ணைக்கு அவ வீட்டுல சோத்துக்கு ஒல வைக்க மாட்டா. அதை எங்கன எழுதுவீக?"

அவரிடம் பதில் கேட்டால் கேள்விதான் வரும். பிறகு ஜீப்புகள் ஓடின. ஆட்கள் கொஞ்சம் குறைந்தார்கள். கொஞ்சம்தான்.

வண்டிகளை விற்கும் தீர்மானம் வந்த கூட்டத்தில் நான் இருந்தேன். பத்திரிகையாளர் மேசை முழுக்க மனு கொடுக்க வந்தவர்கள். அவர்தான் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். நான் சன்னல் திண்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கூட்டப்பொருளை எழுத்தர் வாசித்தார்: "உபயோகமின்றி உபரியாக நிறுத்திவைக்கப்பட்டுள்ள அவசர ஊர்திகள் மூன்றினைப் பொது ஏலத்தில் விற்பனை செய்தல்."

அவர் எழுந்தார். "தலைவரே, உபரிண்டா என்னா?"

"மிச்சம்மா. தேவைக்குப் போக மிச்சம்" என்றார் நகர்மன்றத் தலைவர்.

"மிச்சம்ண்டா எல்லாரும் ஏறுன பெறகு காலியாக் கெடக்குற எடம். இதுல யாரு ஏறுனா?"

விற்க வேண்டும் என்ற கட்சிக்குத் தலைமை, பக்கத்து வார்டு கவுன்சிலரான திராட்சை வியாபாரி. எல்லாருக்கும் அவர் பாய். கணக்குச் சுத்தமான மனிதர். "அக்கா, ஏறுறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா? 108-ஐக் கூப்புட்டா வருது. இது நிண்டு நிண்டே டயரு வெடிச்சுப் போச்சு. உள்ள பூனை குட்டி போட்டுருக்கு."

"பூனைக்கு எடமிருக்குல்ல?"

மன்றம் சிரித்தது. பாயும் சிரித்தார்.

"அக்கா, சிரிக்காமச் சொல்றேன். டிரைவர் கெடையாது. இன்சூரன்சு கட்டிக்கிட்டே இருக்கோம். இதை வித்தா வாய்க்கா ரோட்டுக்கு லைட்டுப் போடலாம். விடியமுன்ன அந்த இருட்டுல நடக்குறது யாரு? உங்க வார்டுப் பொம்பளைகதான?"

அதற்கு அவரிடம் கேள்வி இல்லை. மஞ்சள் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வாரத்துல ரெண்டு நா ரத்தஞ்சுத்தம் பண்ணத் தேனிக்குப் போற ஆளுக நம்ம ஊர்ல இருக்காக. போறப்ப பஸ்ஸுல எடங்கெடைக்கும். வாரப்ப நிண்டுக்கிட்டு வாராக. அவுகளுக்கு ஒரு வண்டி போதும்."

"அதுக்குத் திட்டம் இல்லைம்மா" என்றார் தலைவர். "திட்டம் வந்தா யோசிப்போம்."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை உயர்ந்தது. மடங்கிய கை. "எதுத்தது ஒராளுண்டு எழுதிக்கங்க" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்ன ஆட்களில் ஒருவரை எனக்குத் தெரியும். கவுன்சிலர் ஆள் ஏற்றிய ஜீப்பைப் பல வருடம் ஓட்டிய டிரைவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஒருமுறை வீரபாண்டி நிறுத்தத்தில் தலைசுற்றிப் பேருந்துப் படியிலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு, 'போதும், போகமாட்டேன்' என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருந்தார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கவுன்சிலருக்கு அந்த மூன்று வண்டிகளில் தெரிந்தது இந்த ஒருவரின் முகம்தான்.

இனி, அந்தக் காலைக்குத் திரும்பலாம்.

ஆறரை மணிக்குக் கம்பத்திலிருந்து ஒரு ஜீப் முதலாளி வந்தார். அவர் வந்தது ஏலம் கேட்க அல்ல. ஏலம் கேட்பதாகத்தான் இருந்தார், ஆனால் பதினோரு மணிக்கு. வழக்கமான முக்கில் அவருடைய இரண்டு ஜீப்புகளும் காலியாக நிற்க, ஆட்களைத் தேடி வந்தவர் ஆம்புலன்ஸுக்குள் பார்த்தார்.

"ஏத்தா, இங்கன என்ன பண்றீக? அங்கன ஜீப்பு நிக்குது."

"மைக்குல சொன்னாகல்ல, மொதலாளி."

"அது விக்கிற ஏலம்த்தா. காய் ஏலம் இல்ல."

குடைக்காரி வளையத்திலிருந்து குடையை எடுத்தாள். பிறகு எல்லாத் தூக்குவாளிகளும் ஒரே நேரத்தில் சிரித்தமாதிரி ஒரு சத்தம். இறங்கினார்கள். முதலாளியின் ஜீப்புகள் வளாகத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டன. பின்னால் நின்று ஏற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்புகளை அனுப்பிவிட்டு முதலாளி ஆம்புலன்ஸைச் சுற்றிவந்தார். வந்ததும் வந்தோம், பார்த்துவிடலாமே. சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து நகர்மன்றத் தலைவரும் துண்டோடு வந்திருந்தார். ஏலத்துக்காக முந்தின நாளே புது பேட்டரியும் டயரும் மாட்டி வைத்திருந்தார்கள். வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. பூனை, குட்டிகளைக் கவ்விக்கொண்டு பக்கத்து வண்டிக்கு மாறியது.

"ஓட்டிப் பாக்கலாமா தலைவரே?" என்றார் முதலாளி.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

எவ்வளவு பெரிய ரவுண்டு என்று தலைவர் சொல்லவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, பழைய டிரைவர் ஆஸ்பத்திரிக் காகிதப் பையோடு கதவுக்கு வெளியே பேருந்து நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மனைவி இரண்டடி பின்னால். அவரைப் போகவைக்க விடியலிலிருந்து பேசியிருப்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

"ஏலே டிரைவரு, எங்க போற?" என்றார் கவுன்சிலர்.

"தெரியாதாக்கும். ரத்தத்தைக் கழுவிக் காயப்போட."

கவுன்சிலர் முதலாளியிடம் திரும்பினார். "அண்ணே, வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்? பாரம் ஏத்திப் பாத்தாத்தான இழுவை தெரியும்?"

"பாரத்துக்கு இந்நேரம் எங்க போறது?"

"அந்தா வருதுல்ல."

"யாத்தா, நான் பாரமா?" என்றார் டிரைவர்.

"நீ பாரமில்லாம? நாலு மூடை வெங்காயம் இருப்ப. ஏறு."

முதலாளி தயங்கினார். டிரைவரின் முகத்தைப் பார்த்தார். ஒரே மலைப்பாதையில் எதிரெதிராக வருடக்கணக்கில் விளக்கடித்து வழிவிட்டுக்கொண்டவர்கள். "ஏறுங்கண்ணே" என்றார்.

பேருந்து நிலையத்தில் நின்றால் இன்னும் 'பாரம்' கிடைக்கும் என்று கவுன்சிலர் சொன்னது சரியாக இருந்தது. காகிதப் பையோடு மூன்று பேர் நின்றிருந்தார்கள். வண்டிக்குப் பின்னாலேயே அங்கே நடந்து வந்த நான், செய்தியை முடிக்கவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து தேள் நீண்டது. "வாங்க பத்திரிகைக்காரரே. ஒராளுக்கு எடமிருக்கு."

உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டி வண்டி ஒழுங்காக ஓடியது. டிரைவர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே, கியர் மாற்றும் இடத்தில் எல்லாம் முதலாளிக்கு யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். "ரெண்டாவதுல போடுங்கண்ணே. இழுக்குது பாருங்க." முதலாளி பொறுமையாகப் போட்டார்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் நால்வரையும் டிரைவரின் மனைவியையும் இறக்கிவிட்டதும் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "கெளம்புவோம். பதினோரு மணிக்கு ஏலம் இருக்கு."

"ஏத்தத்துல பாத்தாச்சு" என்றார் கவுன்சிலர். "எறக்கத்துல பாக்க வேணாமா?"

"தேனிக்கும் நம்ம ஊருக்கும் ஏத்தம் எது, எறக்கம் எது? எல்லாம் சமதரைதான?"

"வாரப்ப அவுகளுக்கு எல்லாமே ஏத்தந்தான்."

முதலாளி சாவியைச் சட்டைப்பையில் போட்டார். கேன்டீனுக்குப் போய் எங்கள் மூவருக்கும் டீ சொன்னார். பிறகு தம்பிக்குத் தொலைபேசியில், "நீ போய் மத்த ரெண்டைக் கேளு. இது வர நேரமாகும்" என்றார்.

பதினோரு மணிக்கு ஆணையர் வந்து பார்த்தபோது மூன்றில் ஒன்று இல்லை. கூடியிருந்தவர்கள் மற்ற இரண்டையும் கேட்டார்கள். நல்ல விலைக்கே போயின. மூன்றாவதைப் பற்றிச் சர்ச்சை வந்தபோது, கண்ணில் காட்டாத பொருளை ஏலம் விட முடியாது என்று எழுந்து சொன்னவர் பாய். அவர் சொன்னது விதி. விதியைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நாங்கள் வந்து சேர்ந்தது பொழுது சாயும் நேரம். வண்டியில் டிரைவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் அவரை எழுப்ப வேண்டியிருந்தது. "என்ன, வித்துட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தவரும் பாய்தான். "ரெண்டு வண்டிக் காசுல வாய்க்கா ரோட்டுக்கு லைட்டுப் போட்டுரலாம். இந்த ஒண்ணை விக்க முடியாது. வித்தா அக்கா உள்ள உக்காந்துருப்பாக. வாங்குறவன் சேத்து ஓட்டிக்கிட்டுப் போகணும்." ஓட்டுநராகத் தண்ணீர் லாரி ஓட்டுபவரை வாரம் இரண்டு நாள் தேனிக்கு முறைபோட்டு அனுப்புவது என்று முடிவானது. எதிர்ப்பு இல்லை.

மைக் ஆட்டோ ஓட்டியவர் கவுன்சிலருடைய அக்காள் மகன் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. நேராகவே கேட்டேன்.

"அவன் என்ன தப்பாச் சொல்லிட்டான்?" என்றார். "ஏலம்ண்டான். வண்டிண்டான். ரெண்டும் நெசந்தான?"

விற்ற ஆம்புலன்ஸைக் கம்பத்து முதலாளியின் தம்பிதான் எடுத்திருந்தார். சிவப்புக் கூட்டல்குறியை அழித்துப் பச்சை அடித்தார்கள். இப்போது விடியலில் குடைக்காரியும் மற்றவர்களும் தோட்டத்துக்குப் போவது அதில்தான். அவர்கள் காதில் விழுந்த அறிவிப்பு கொஞ்சம் தாமதமாகப் பலித்தது.

போன ஐப்பசியில் கவுன்சிலர் காலமானார். தூக்கத்தில் போய்விட்டார் என்றார்கள். என் பழைய பத்திரிகை அலுவலகத்திலிருந்து படம் கேட்டார்கள். என்னிடம் இருந்த நகர்மன்றப் படங்கள், விழாப் படங்கள் அத்தனையையும் தேடினேன். ஒன்றிலும் அவர் இல்லை. வீட்டில் கேட்டேன். வாக்காளர் அட்டையைத் தந்தார்கள். அதில் இருந்தது வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸின் சேவைத் தொடக்கத்தன்று நானே எடுத்த படம் ஒன்று உண்டு. அன்று அவர் நடுவில்தான் நின்றார். நன்றாக நினைவிருக்கிறது. சொடுக்கப் போகும்போது, "இருங்க தம்பி, இன்னும் ஒராளுக்கு எடமிருக்கு" என்று டிரைவரின் மனைவியை இழுத்து உள்ளே விட்டார். அப்புறம் தண்ணீர் லாரிக்காரர். அப்புறம், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற டீக்கடைக்காரர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து பாய், தலைவர், ஆணையர், டிரைவர், அவர் மனைவி, தண்ணீர் லாரிக்காரர், டீக்கடைக்காரர். வலது ஓரத்தில் மடங்கிய ஒரு முழங்கையும் பாதித் தேளும் இருக்கின்றன.